கால்வாய்க் கரை கொடுத்த தைரியமும் காட்டில் உடைந்த ஹேங்கரும்

ஸ்காட்லாந்தில் கிரேவல் சைக்கிள், அதாவது மண்ணிலும் சரளையிலும் ஓட்டும் சைக்கிள், வாங்கும் எவருக்கும் முதலில் ஆசை வருவது கிரேட் கிளென் பாதை மேல்தான். ஃபோர்ட் வில்லியமில் தொடங்கி இன்வர்னஸில் முடியும், சுமார் 125 கிலோமீட்டர். கால்வாய்க் கரை, ஏரிக்கரை, பைன் காடு, பழைய ரயில் தடம் என்று எல்லாம் ஒரே வழியில் கிடைக்கும். நான் கிளாஸ்கோவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன வருஷம் செப்டம்பர் கடைசி வாரத்தில் அந்தப் பாதையில் தனியாகப் போனேன். மூன்று நாள் திட்டம். முதல் நாள் ராத்திரியே முடிந்துபோனது. 414 பவுண்டு கைவிட்டுப் போனது. பணத்தைவிட, அன்று இரவு என் மனைவி இரண்டு மணி நேரம் பட்ட பாடு இன்னும் மனதை உறுத்துகிறது. புறப்படும் முன் யாராவது ஒரு அரை மணி நேரம் உட்கார்த்தி இதையெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவோ தவிர்த்திருக்கலாம். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தவறு காட்டில் ஆரம்பிக்கவில்லை, கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலேயே ஆரம்பித்துவிட்டது. காலை வண்டிக்கு எனக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை என்று தெரியும். ஆனால் கட்டணம் இல்லாவிட்டாலும் அதற்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. அந்த மலைத் தடத்தில் வண்டிகள் குறைவு, ஒரு வண்டியில் சைக்கிளுக்கு இருக்கும் கொக்கிகளும் குறைவு. அன்று எல்லாம் நிரம்பிவிட்டன. "அடுத்த வண்டியில் இடம் இருக்கிறது, அதில் வாருங்கள்" என்றார் நடைமேடையில் நின்றவர். அவர் மேல் குற்றமே இல்லை. என் டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் செல்லும் வகை, எனவே புதிதாக 37 பவுண்டுக்கு ஒன்று எடுத்தேன். அடுத்த வண்டி நான்கு மணி நேரம் கழித்து. மதியத்துக்குள் ஃபோர்ட் வில்லியமில் இறங்க வேண்டியவன், மாலை நான்கு மணி தாண்டி இறங்கினேன்.

நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இங்கேதான் வருகிறது. காலையில் நான்கு மணி நேரம் போனால், மாலையில் ஓட்டும் தூரத்திலும் நான்கு மணி நேரத்தை வெட்டிவிட வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. லாகன் பக்கத்தில் அறை பதிவு செய்திருந்தேன், 36 கிலோமீட்டர், மேடு அதிகம் இல்லை, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அங்கே செப்டம்பர் கடைசியில் ஏழு மணி சுமாருக்குச் சூரியன் மறைகிறது. காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். இதைத் தெரிந்துகொண்டே புறப்பட்டேன். ஃபோர்ட் வில்லியமிலேயே ஓர் இரவு தங்கியிருந்தால் அறுபது, எழுபது பவுண்டு கூடுதலாகச் செலவாகியிருக்கும். அன்று அது பெரிய தொகையாகத் தெரிந்தது.

அப்புறம் அந்தக் கால்வாய்க் கரை. அதன் அழகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊரைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டரில் பனவி வரும். அங்கே நெப்டியூன் படிக்கட்டு என்று எட்டு லாக்குகள் அடுத்தடுத்து ஏறுகின்றன. லாக் என்றால், படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை ஏற்றி, அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் தொட்டி. எட்டும் சேர்ந்து படகை ஏறத்தாழ 20 மீட்டர் உயர்த்துகின்றன. லாக் வேறு, லோக் வேறு. லோக் என்றால் இந்த ஊர் பாஷையில் ஏரி. இந்தக் கலிடோனியன் கால்வாய் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் வேலை. 1803-ல் தொடங்கி 1822-ல் திறந்தார்கள். மொத்தம் சுமார் 97 கிலோமீட்டர், அதில் வெட்டிய கால்வாய் 35 கிலோமீட்டர்தான். மீதி தூரத்துக்கு லோகி, ஓய்க், நெஸ் என்ற ஏரிகளே வழி. பனவியில் திரும்பிப் பார்த்தால் பென் நெவிஸ், 1,345 மீட்டர், மேகத்துக்குள் தலையை வைத்துக்கொண்டு நிற்கிறது. நான் மாயவரம் பக்கம் வாய்க்கால் கரையில் சைக்கிள் பழகியவன். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மரம், நடுவில் கெட்டியான மண் பாதை. அதைப் பார்த்ததும் உடம்பு தானாகவே இளகிவிட்டது. இருபது நிமிஷம் நின்று படம் எடுத்தேன்.

பனவியிலிருந்து கெய்ர்லோகி வரை பாதை கிட்டத்தட்டச் சமதளம். காற்றும் பின்னால் இருந்து தள்ளியது. இந்தப் பள்ளத்தாக்கில் தென்மேற்குக் காற்றுதான் பெரும்பாலும் வீசும், அதனால் ஃபோர்ட் வில்லியமிலிருந்து இன்வர்னஸ் நோக்கிப் போவதே நல்லது. மணிக்கு 16, 17 கிலோமீட்டர் வேகம் சும்மாவே வந்தது. அந்த வேகத்தை மீதிப் பாதைக்கும் வைத்துக் கணக்குப் போட்டதுதான் என் இரண்டாவது தவறு. கால்வாய்க் கரையில் இருக்கும்போது எந்த இடத்தில் என்ன ஆனாலும் உதவிக்கு வழி இருக்கிறது. சில கிலோமீட்டருக்கு ஒரு லாக், ஒரு பாலம், ஒரு வீடு, ஒரு படகு. கெய்ர்லோகியைத் தாண்டியதும் அது மாறிவிடுகிறது. க்ளூன்ஸ் என்ற இடம் வரை சிறிய தார்ச் சாலை கூடவே வருகிறது. அதற்குப் பிறகு லோக் லோகியின் மேற்குக் கரையில் மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட காட்டுப் பாதை. லாகன் வந்து சேரும்வரை வேறு வழியே கிடையாது. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் செங்குத்தாக மலை. எதிர்க்கரையில் ஏ82 நெடுஞ்சாலையில் கார் விளக்குகள் போவது தெரியும், ஆனால் நடுவில் இருப்பது ஏரி. தனியாகப் போகிறவர்கள் வரைபடத்தில் கிலோமீட்டரை மட்டும் எண்ணக் கூடாது. வெளியேற வழி எங்கெங்கே இருக்கிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்கும் தூரம்தான் உங்கள் உண்மையான ஆபத்து. அந்தத் தூரத்தை வெளிச்சத்தில்தான் கடக்க வேண்டும்.

க்ளூன்ஸில் மணி ஆறரை. போனில் சிக்னல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. எட்டு மணிக்கு மெசேஜ் போடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். காட்டுக்குள் நுழைந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும். சமீபத்தில் மரம் வெட்டிய இடம் போல, பாதை முழுக்கச் சுள்ளியும் பட்டையும் கிடந்தன. முன் விளக்கு போட்டிருந்தேன், ஆனால் அது ஊருக்குள் மற்றவர்களுக்கு நம்மைக் காட்டும் சின்ன விளக்கு, பாதையைக் காட்டும் விளக்கு இல்லை. பின்சக்கரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு குச்சி ஸ்போக்ஸுக்குள் போனது தெரிந்தது. தெரிந்தும் ஒரு மிதி மிதித்தேன். அந்த ஒரு மிதிதான். குச்சி, கியர் மாற்றும் டெரெய்லரை இழுத்துக்கொண்டு சுற்றியது, உலோகம் முறியும் சத்தம் கேட்டது, செயின் தொங்கியது, சக்கரம் நின்றது. இதை மட்டும் மறக்காதீர்கள்: சக்கரத்தில் ஏதோ சிக்கிய சத்தம் கேட்டால், அந்த நொடியே மிதிப்பதை நிறுத்துங்கள். டெரெய்லரைச் சுற்ற வைப்பது சக்கரம் மட்டும் இல்லை, நம் காலும்தான்.

டெரெய்லர் நேராக ஃபிரேமில் மாட்டப்படுவதில்லை. நடுவில் ஹேங்கர் என்று ஒரு சின்ன அலுமினியத் துண்டு இருக்கிறது, இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அடி பட்டால் ஃபிரேம் உடையாமல் தான் உடைந்துபோக வேண்டும் என்பதற்காகவே அதை மெலிதாகச் செய்கிறார்கள். என்னுடையது தன் வேலையைச் சரியாகச் செய்து, பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்திருந்தது. கையில் வைத்துப் பார்த்தேன். உடைந்த விளிம்பு சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது. 21 பவுண்டு விலை. சைக்கிள் வாங்கும்போதே கூட ஒன்று வாங்கிப் பையில் போட்டிருக்கலாம். இதில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஹேங்கர் எல்லா சைக்கிளுக்கும் ஒன்று இல்லை. நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன, உங்கள் ஃபிரேமுக்கு எது என்று வீட்டிலேயே பார்த்து வாங்கி வைத்தால்தான் உண்டு. வழியில் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

ஹேங்கர் இல்லாமலும் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. டெரெய்லரைக் கழற்றிவிட்டு, செயினை வெட்டிச் சுருக்கி, நடுவில் இருக்கும் ஏதாவது ஒரு பல்சக்கரத்தில் நேராக மாட்டி, ஒரே கியர் சைக்கிளாக ஓட்டிக்கொண்டு போகலாம். வீடியோவில் பார்த்திருக்கிறேன். ஆனால் செயின் வெட்டும் கருவி என் டூல் செட்டில் இல்லை. ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம், பஞ்சர் அடைக்கும் பிளக், பம்பு, ஒரு ட்யூப் எல்லாம் கொண்டுபோயிருந்தேன், ஏனென்றால் பஞ்சரைத்தான் எல்லோரும் பயப்படச் சொல்கிறார்கள். செயின் கருவியும், வெட்டிய செயினைக் கையாலேயே இணைக்க அந்தச் செயினுக்குப் பொருந்தும் இரண்டு குவிக் லிங்கும் சேர்த்தால் கைப்பிடி எடைகூட இருக்காது. வாங்கினால் மட்டும் போதாது, வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் போங்கள். குளிரில், இருட்டில், விரல் மரத்துப்போன நேரத்தில் முதல்முறையாகக் கற்றுக்கொள்ள முடியாது.

அதற்கும் மேல் மிட்ஜ். கொசுவைவிட மிகச் சிறிய கடிக்கும் பூச்சி, மேகம் மாதிரி வரும். காற்று வீசினால் பறக்க முடியாது, சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாலும் அண்டாது. காற்றில்லாத ஈரமான மாலையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அங்கே வந்துவிடும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இருக்கும், ஜூலை ஆகஸ்டில் மிக அதிகம். மரங்களுக்குள் காற்று நின்றுபோயிருந்தது. நான் குனிந்து சைக்கிளைப் பார்த்த நாற்பது நிமிஷமும் காது, இமை, முடிக்குள் எல்லாம் கடித்தது. தலைக்கு மேல் போடும் வலை ஒன்று நாலைந்து பவுண்டுதான், கைக்குட்டை அளவு மடியும். அது இருந்திருந்தால் நிதானமாக யோசித்திருப்பேன். இல்லாததால், எப்படியாவது அந்த இடத்தை விட்டு நகர வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் இருந்தது.

ஏழரை மணிக்குத் தள்ள ஆரம்பித்தேன். லாகனுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். திரும்பிப் போனால் க்ளூன்ஸ் மூன்று கிலோமீட்டரில் இருந்தது. அங்கே வீடு இருக்கிறது, சாலை இருக்கிறது. நான் முன்னால் போனேன், அறை முன்னால் இருக்கிறது என்பதற்காக. இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. அந்த நேரத்தில் மூளை, பணம் கட்டிய இடத்தை நோக்கியே காலைத் திருப்புகிறது. இறக்கத்தில் ஏறி உட்கார்ந்து உருட்டினேன், மேட்டில் தள்ளினேன். எட்டு மணிக்கு மழை பிடித்தது. பெருமழை இல்லை, விடாத தூறல். மழைக் கோட்டு போட்டிருந்தேன், ஆனால் உள்ளே பருத்திச் சட்டை வியர்வையில் ஏற்கெனவே நனைந்திருந்தது. தள்ளும்போது சூடு, நின்றால் நடுக்கம். போன் டார்ச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு போனதால் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில், பையில் இருந்த புளியோதரையைச் சாப்பிடலாம் என்று நின்று டப்பாவின் மூடியைத் திறக்கப் பார்த்தேன், விரலால் திறக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இருட்டு பயம் இல்லை. என் கை நான் சொன்னதைக் கேட்கவில்லையே என்ற பயம். பல்லால் திறந்து, நின்றபடியே பாதி சாப்பிட்டேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன்.

கை சொன்னபடி கேட்காமல் போவது உடம்புச் சூடு இறங்குவதற்கான முதல் அறிகுறிகளில் ஒன்று என்று பிறகு தெரிந்துகொண்டேன். பேச்சு குழறும், கால் தடுமாறும், கடைசியில் எதுவும் பரவாயில்லை என்று தோன்ற ஆரம்பிக்கும். அந்தக் கடைசி நிலைக்குப் போனால் நம்மால் நம்மைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. இதற்குப் பனி விழ வேண்டிய அவசியமே இல்லை. எட்டு பத்து டிகிரியும் ஈரமும் களைப்பும் சேர்ந்தாலே போதும். கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டைதான் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், பருத்தி கூடவே கூடாது. தண்ணீர் புகாத பையில் காய்ந்த மேல்சட்டை, உள்சட்டை, கையுறை, சாக்ஸ் ஒரு செட் வைத்து, நிற்கும்வரை அதைத் தொடாமல் இருக்க வேண்டும். உடம்புச் சூட்டைக் காக்கும் தகடு போர்வையோ ஆள் நுழையும் பிளாஸ்டிக் பையோ இருந்தால் உள்ளே உட்கார்ந்து கொள்ளலாம். சாப்பாட்டில் நான் எதையும் மாற்றவில்லை. புளியோதரையும் கடலை மிட்டாயும் எந்த எனர்ஜி பாருக்கும் குறைந்தவை இல்லை. மூடியை மட்டும் மாற்றினேன். இப்போது கவரில் கட்டித்தான் கொண்டுபோகிறேன்.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு லாகன் லாக்கை அடைந்தேன். கரையோரம் நான்கைந்து படகுகள் கட்டியிருந்தன. ஒன்றில் விளக்கு எரிந்தது. தட்டினேன். வயதான தம்பதி. அந்த அம்மா என்னைப் பார்த்தவுடன் எதையும் விசாரிக்கவில்லை. "முதலில் ஈரச் சட்டையைக் கழற்றுங்கள், பேச்சு அப்புறம்" என்றார். ஒரு டவலையும் கம்பளிப் போர்வையையும் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று அடுப்பில் கெட்டிலை வைத்தார். சர்க்கரை அள்ளிப் போட்ட டீ. கப்பை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி போர்வையில் சிந்தியது. அந்தப் பெரியவர் தன் போனில் என் மனைவி நம்பரைப் போட்டுக் கொடுத்தார்.

"ஏங்க... எங்க இருக்கீங்க? உயிரோட இருக்கீங்களா?" அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. எட்டு மணிக்கு மெசேஜ் வராமல், ஒன்பதுக்கு விடுதிக்குப் போன் போட்டிருக்கிறாள். வரவில்லை என்றார்கள். என் வழி எது என்று அவர்கள் கேட்டதற்கு அவளால் "ஏதோ ஏரிக்கரையாம்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்திருக்கிறது. ஏரியின் எந்தக் கரை, எத்தனை மணிக்குப் புறப்பட்டேன், ரயிலைத் தவறவிட்டேனா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. போலீஸுக்குச் சொல்லலாமா, சொன்னால் பெரிய விஷயம் ஆகிவிடுமா என்று அவள் ஒரு மணி நேரம் தவித்திருக்கிறாள். அந்தத் தவிப்புக்கு நான் மட்டுமே காரணம். இப்போதெல்லாம் புறப்படும் முன் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போகிறேன்: எந்தப் பாதை, எங்கே தங்கல், விடுதி நம்பர், சைக்கிள் நிறம், சட்டை நிறம். முக்கியமாகக் கடைசி வரி, "இத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் யோசிக்காமல் 999-க்குப் போன் பண்ணி, போலீஸ் வேண்டும், மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்." அந்த நேரத்தை நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் முடிவெடுக்கத் திணற வேண்டியதில்லை. அதோடு, 999 என்ற எண்ணுக்கு 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்பி முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், பேச முடியாத அளவு மெலிந்த சிக்னலிலும் மெசேஜ் மூலம் உதவி கேட்க முடியும். இரண்டு நிமிஷ வேலை. இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்தும் நான் அதைச் செய்து வைக்கவில்லை.

விடுதிக்காரர் காரில் வந்து அழைத்துப் போனார். மறுநாள் காலை ஃபோர்ட் வில்லியமுக்கு டாக்ஸி, 85 பவுண்டு. கடையில் என் ஃபிரேமுக்கான ஹேங்கர் இல்லை, வரவழைக்க ஐந்து நாள் ஆகும் என்றார்கள். டெரெய்லரும் வளைந்து போயிருந்தது. வீடு திரும்ப இன்னொரு 37 பவுண்டு டிக்கெட். அடுத்த இரண்டு இரவுக்குக் கட்டியிருந்த 136 பவுண்டு திரும்பவில்லை, ரத்து செய்ய முடியாத மலிவு விலையில் போட்டிருந்தேன். பிறகு கிளாஸ்கோவில் டெரெய்லர் 68, ஹேங்கர் 21, கூலி 30. இப்படித்தான் 414 ஆனது. மழை, காற்று, ரயில் என்று எத்தனையோ விஷயம் நம் கையில் இல்லாத ஊர் இது. இருபது பவுண்டு அதிகமானாலும் கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய அறையைத்தான் இப்போது எடுக்கிறேன்.

குளிர்காலம் முழுக்க அந்தப் பாதை மனதை விட்டுப் போகவில்லை. இந்த வருஷம் மே நடுவில் மறுபடி போனேன். தனியாகத்தான். சைக்கிளுக்கு இடம் பதிவு செய்து, முந்தின நாளே போய் ஃபோர்ட் வில்லியமில் தங்கி, காலை எட்டு மணிக்குப் புறப்பட்டேன். மே நடுவில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், மிட்ஜ் இன்னும் கிளம்பியிருக்காது, மஞ்சள் கோர்ஸ் பூ கரையெல்லாம் பூத்திருக்கும். இந்தப் பாதைக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது என்பது என் கருத்து. டயர் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சொகுசு. வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்தேன், கூடவே அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தாள் வரைபடம் 41, 34, 26 மூன்றும் எடுத்துக்கொண்டேன்.

உடைந்த அந்த இடத்தில் நின்று பார்த்தேன். பகலில் அது ஒரு சாதாரண வளைவு. ஏரி நீலமாக இருந்தது. லாகனிலிருந்து ஃபோர்ட் அகஸ்டஸ் வரைதான் என் மனதுக்கு மிகப் பிடித்த பகுதி. லோக் ஓய்க் கரையில் 1903-ல் ஓடத் தொடங்கிக் கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேலேயே சைக்கிள் போகிறது, பாசி படிந்த கல் சுவர், பிர்ச் மரம், சமதளம். கால்வாய் முழுவதிலும் உயரமான ஏரி அது, ஆனாலும் கடல் மட்டத்திலிருந்து 32 மீட்டர்தான். அதன் முனையில் ஓய்க் பாலம், 1854-ல் கட்டிய தொங்குபாலம். பிறகு மறுபடி கால்வாய்க் கரை, கைத்ரா லாக், ஊர் நடுவே ஐந்து லாக் இறங்கும் ஃபோர்ட் அகஸ்டஸ். நடப்பவர்கள் அதிகம், மணி அடித்து மெதுவாகப் போக வேண்டும். ஃபோர்ட் வில்லியமை விட்டால் வயிறாரச் சாப்பிட நம்பக்கூடிய முதல் ஊர் இதுதான். நடுவில் கடை இருக்கும் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள்.

ஃபோர்ட் அகஸ்டஸில் பாதை இரண்டாகப் பிரிவதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். கிரேட் கிளென் வழி லோக் நெஸ்ஸின் வடமேற்குக் கரை மலைமேல் போகிறது. இன்வர்மாரிஸ்டன், ட்ரம்நட்ராகிட் என்று ஒவ்வொரு ஊருக்கும் இறங்கி, மறுபடி செங்குத்தாக ஏற வேண்டும். உயர் பாதை, தாழ் பாதை என்று அதிலும் இரண்டு உண்டு. நான் உயர் பாதை போனேன். காட்டுக்கு மேலே வந்ததும் ஏரி முழுக்கக் கண்ணில் விழும் காட்சி உண்மையிலேயே மூச்சை நிறுத்தியது, ஆனால் பல இடங்களில் சைக்கிள் என்னைச் சுமக்கவில்லை, நான் சைக்கிளைச் சுமந்தேன். 36 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆனது. சுமை அதிகம் உள்ளவர்கள், துணையில்லாதவர்கள் தென்கிழக்குக் கரையைப் பாருங்கள். தேசிய சைக்கிள் பாதை 78 அந்தப் பக்கம்தான் போகிறது. தொடக்கத்தில் ஒரு பெரிய ஏற்றம், அப்புறம் ஃபாயர்ஸ் அருவி, டோர்ஸ் என்று அமைதியான சாலையில் இன்வர்னஸ் போய்விடலாம். எந்தக் காரணத்துக்காகவும், மழைக்கு ஒதுங்கக்கூட, "கொஞ்ச தூரம் ஏ82-ல் போய்விடலாம்" என்று இறங்க வேண்டாம். வளைவும் லாரியும் கலந்த குறுகலான நெடுஞ்சாலை அது.

காட்டுப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட நமக்கு உரிமை உண்டு. 2003-ன் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் அதைக் கொடுக்கிறது. வாயில் கதவை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போவதும், மரம் வெட்டும் இடத்தில் மாற்று வழிப் பலகை இருந்தால் அதன்படி போவதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்தவை. இரண்டாவது பயணத்தில் அப்படி ஒரு பலகை வந்தது, ஆறு கிலோமீட்டர் சுற்று. காலையில் கிளம்பியிருந்ததால் சுற்றிக்கொண்டு போக எந்தக் கஷ்டமும் இல்லை.

மூன்றாம் நாள் அப்ரியாகன் மேட்டு நிலத்தில், சுமார் 380 மீட்டர் உயரத்தில், எதிர்க்காற்றில் கொஞ்சம் திணறினேன். பிறகு இறக்கம்தான். கால்வாயைக் கடந்து, நெஸ் ஆற்றுத் தீவுகளின் நடைப்பாலங்கள் வழியே இன்வர்னஸ் கோட்டை மேட்டில் போய் நின்றேன். மனைவிக்குப் படம் அனுப்பினேன். தாளில் நான் எழுதிக் கொடுத்த நேரம் மாலை ஆறு. அப்போது மணி மூன்றே முக்கால்.

லாகனில் அந்தப் படகைத் தேடினேன். அந்த இடத்தில் வேறொரு படகு கட்டியிருந்தது. அவர்கள் பெயரைக்கூட அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. போர்வையை மறுநாள் காலை விடுதிக்காரர் மூலம் திருப்பிக் கொடுத்திருந்தேன், டீ சிந்திய கறையோடு.